ஒளிக்கும் கை உண்டு!

ஒளியை வணங்கினோர் கோடி. ஒளியை எடைபோட்டுப் பார்த்தோர் சிலர். வணங்கியோர் விழுந்து எழுந்து வீடு திரும்பினர். எடைபோட்டோரோ, எள்ளலுக்கும் இல்லாமைக்கும் இடையிலே நின்று, உலகத்தை ஓரடி முன்னே நடத்திச் சென்றனர். அந்தச் சிலரின் வரலாற்றைத்தான் இங்கே நாம் எடுத்துரைக்க எண்ணுகிறோம்.

பொற்கொல்லர் பட்டறையிலே சாமணம் என்றொரு கருவி உண்டு. விரலுக்கு அடங்காத சிறு கல்லை, கம்பித் துணுக்கைப் பற்றி எடுத்து, வைக்க வேண்டிய இடத்திலே வைத்திடும் கருவி அது. அந்தச் சாமணத்துக்கும் அடங்காத துகளை, தலைமயிரின் பருமனிலே நூறிலொரு பங்கேயுள்ள துகளை, பற்றி எடுக்க வேண்டுமானால் என் செய்வது? இரும்பால் செய்த எந்தக் கருவியும் அங்கே மலையாகிவிடும். அறிவியலார் ஒளியாலேயே ஒரு சாமணம் செய்துவிட்டனர். இரும்பு இல்லை, பிடி இல்லை, தொடும் விரலும் இல்லை. ஒளிக்கதிர் ஒன்று துகளைப் பற்றுகிறது, நிறுத்துகிறது, இழுத்த இழுப்புக்கு நகர்த்துகிறது.

கேட்டதும் இருவகையினர் கிளம்புவர். ஒரு வகையினர், "ஒளியாவது, பொருளைத் தள்ளுவதாவது!" என்று நகைப்பர். மற்றொரு வகையினர், "இதைத்தான் எங்கள் முனிவர்கள் அன்றே செய்தனர், பார்வையாலேயே பொருளை நகர்த்தினர்" என்று மார்தட்டுவர். இருவருக்கும் ஒரே மருந்துதான் உண்டு. அதன் பெயர் கணக்கு.

எத்தனை கிராம்?

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியை எடுத்துக் கொள்வோம். பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி அன்று. பொன்னேரிக்கு அருகே, ஆரணியாற்றங்கரையிலே உள்ள ஆரணி. அங்கே ஓர் ஏக்கர் நிலம். உச்சி வெயில் தலையைப் பிளக்கிறது. உழவன் நெற்றி வியர்வையை வழிக்கிறான். அந்த ஏக்கர் முழுவதிலும் விழும் வெயிலை நிலம் அப்படியே விழுங்கிக் கொள்வதாகக் கொண்டால், வெயில் அந்த நிலத்தை எத்தனை எடையோடு அழுத்துகிறது தெரியுமா? ஏறத்தாழ 1.4 கிராம்! பொற்கொல்லர் கணக்கிலே பன்னிரண்டு குன்றிமணி எடைகூடத் தேறாது. ஏக்கர் முழுவதும் பரவிய வெயிலின் தள்ளுதல் அவ்வளவே.

நகைத்தவரே, காணீர்: ஒளி தள்ளத்தான் செய்கிறது. மார்தட்டியவரே, நீரும் காணீர்: ஓர் ஏக்கர் கதிரவன் ஒளிக்கே வலிமை இவ்வளவுதான் என்றால், கண்ணிலிருந்து ஒளியே புறப்படாத மனிதனின் பார்வை எதை நகர்த்தும்? கூரையின் ஓட்டை வழியே வரும் ஒளிக்கீற்றிலே தூசி ஆடுவதைக் காட்டி, "இதோ ஒளி தள்ளுகிறது" என்பாரும் உண்டு. அது காற்றின் ஆட்டம். ஒளியின் வேலை அன்று. உண்மை எளிதிலே கிடைப்பதில்லை. ஏமாற்றும் தோற்றங்களை ஒவ்வொன்றாய் விலக்கிய பின்னரே கிடைக்கிறது.

இந்தச் சின்னஞ்சிறு தள்ளுதலை மனிதன் கண்டறிந்த கதை, வானத்திலே தொடங்குகிறது.

வால்வெள்ளி தோன்றினால் மன்னன் மடிவான், நாட்டிலே பஞ்சம் வரும் என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. நம் நாட்டிலே மட்டுமல்ல, மேலை நாட்டிலும் இருந்தது. அஞ்சாமல் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டனர். வால்வெள்ளி எத்திசையிலே சென்றாலும், அதன் வால் மட்டும் கதிரவனுக்கு எதிர்த்திசையிலேயே நீண்டிருந்தது. சீனத்து வானநூலார் இதனைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்தனர். 1619ஆம் ஆண்டிலே கெப்ளர், கதிரவனின் ஒளிதான் அந்த வாலை ஒதுக்கித் தள்ளுகிறது என்று எழுதினார். வாலிலே இரு வகை உண்டு என்பதும், தூசியாலான வாலையே ஒளி தள்ளுகிறது, மின்னேற்றத் துகள்களாலான வாலைக் கதிரவனிலிருந்து வீசும் துகட்காற்றே தள்ளுகிறது என்பதும் பின்னாளிலே தெளிந்த உண்மைகள். கெப்ளர் கூறியது பாதி சரி. ஆயினும், அச்சம் ஆண்ட இடத்திலே "ஏன்?" என்ற கேள்வியை நட்டார் அல்லவா, அது முழுதும் சரி.

1873இலே, ஸ்காட்லாந்து தந்த மாமேதை மாக்ஸ்வெல், மின்னியலையும் ஒளியியலையும் ஒன்றாய்ப் பிணைத்த தம் பெருநூலிலே, ஒளி தான் விழும் பொருளை அழுத்தியே தீர வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஏட்டிலே கணக்கு எழுந்தது. நாட்டிலே யார் காட்டுவது?

இங்கிலாந்திலே குரூக்ஸ் என்பவர், காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குமிழுக்குள்ளே, ஒருபுறம் கருமையும் மறுபுறம் வெண்மையும் பூசிய சிறு இறகுகளைச் சுழலவிட்டார். ஒளி பட்டதும் அவை சுழன்றன. "இதோ ஒளியின் அழுத்தம்!" என்ற ஆரவாரம் எழுந்தது. ஆனால், கணக்கு குறுக்கே வந்து நின்றது. ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பான பக்கமே மிகுதியாகத் தள்ளப்பட வேண்டும். குரூக்சின் கருவியிலோ கருத்த பக்கம் பின்வாங்கியது. சுழன்றது உண்மை, சுழற்றியது ஒளியின் அழுத்தமன்று. சூடேறிய கருத்த பக்கத்தருகே, குமிழிலே எஞ்சியிருந்த காற்று செய்த வேலை அது. கண்ணெதிரே ஒன்று நடப்பது மட்டும் போதாது. அது எதனால் நடக்கிறது என்று கேட்க வேண்டும் என்ற பாடத்தை இதனினும் தெளிவாய்ப் புகட்டுவது அரிது. கோயிலிலே சிலை பாலருந்துகிறது என்று கூட்டம் கூடும் நாளிலே, இந்தப் பாடத்தை நாம் நினைவிலே கொள்ளுதல் நலம்.

பதவியைத் துறந்த லெபெதேவ்

அந்த எஞ்சிய காற்றோடு போராடி வென்றவர், உருசிய நாட்டு லெபெதேவ். மாஸ்கோ பல்கலைக் கழகத்திலே ஆண்டுக் கணக்காக உழைத்தார். மெல்லிய இறகுத் தகடுகளை நுண்ணிய இழையிலே தொங்கவிட்டு, குமிழியிலிருந்து காற்றை முடிந்தமட்டும் உறிஞ்சியெடுத்து, விளக்கொளியைப் பாய்ச்சினார். இழை எவ்வளவு முறுக்கிக் கொண்டது என்பதை அளந்தார். 1900இலே பாரிசிலே அறிஞர் கூட்டத்தில் அறிவித்தார். 1901இலே அச்சிலே வெளியிட்டார். அமெரிக்காவிலே நிக்கல்ஸ், ஹல் என்ற இருவரும் அதே ஆண்டுகளிலே தனியே அளந்து அதே முடிவுக்கு வந்தனர். ஒளி அழுத்துகிறது, மாக்ஸ்வெல் சொன்ன அளவுக்கே அழுத்துகிறது. உலகின் இரு கோடிகளிலே, ஒருவரையொருவர் பார்க்காத கைகள், ஒரே எண்ணை எழுதின. இதுதான் அறிவியலின் சாட்சி. ஒருவன் கனவிலே வந்து உரைப்பதன்று. யார் செய்து பார்த்தாலும் கிடைப்பது.

வெற்றி கண்ட லெபெதேவ் நலமாய் வாழ்ந்தாரா? 1911இலே சாரின் அரசு பல்கலைக் கழகத்தின் உரிமையிலே கைவைத்தது; போலீசார் உள்ளே புகுந்தனர். அதனைக் கண்டித்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பதவி விலகினர். அவர்களுள் ஒருவர் லெபெதேவ். ஆய்வுக்கூடம் போயிற்று, வருவாய் போயிற்று, உடல்நலமும் போயிற்று. 1912இலே, 46ஆம் வயதிலே மறைந்தார். ஒளியின் அழுத்தத்தை உலகுக்குக் காட்டியவர், ஆள்வோரின் அழுத்தத்துக்குத் தலைவணங்க மறுத்தார். இந்த வரலாற்றிலே இது முதல் ஏடு. அடுத்த ஏடு நம் துணைக்கண்டத்திலே எழுதப்பட்டது.

மளிகைக்கடைக்காரர் மகன்

வங்காளத்திலே, டாக்காவை அடுத்த சியோரத்தாலி என்ற சிற்றூரிலே, 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், மளிகைக்கடை வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்திலே பிறந்தார் மேகநாத் சாகா. எட்டுப் பிள்ளைகளுள் ஐந்தாமவர். கடையிலே உட்கார வேண்டிய பிள்ளை படிப்பிலே சிறந்தது. ஊரிலே மேற்பள்ளி இல்லை. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலே இருந்தது. அங்கே ஒரு மருத்துவர் தம் வீட்டிலே இடந்தந்து உணவளித்தார். நல்லவர்தான். ஆனால், ஒரு விதி: உண்ட தட்டைப் பையனே கழுவி வைக்க வேண்டும், மாட்டையும் பார்த்துக் கொள்ள வேண்டும். பையனின் சாதி தாழ்ந்தது! ஈகை இருந்த உள்ளத்திலும் சாதி இருந்தது. அண்ணன் சணல் ஆலையிலே பெற்ற மாதச் சம்பளம் 20 ரூபாயிலிருந்து ஐந்து ரூபாயைத் தம்பியின் படிப்புக்குத் தந்தார்.

1905இலே வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடு கொந்தளித்தது. டாக்காவிலே ஆளுநர் வருகையைப் புறக்கணித்தார் என்று சாகாவைப் பள்ளியிலிருந்து நீக்கினர். உதவித் தொகையையும் பறித்தனர். வேறு பள்ளியிலே சேர்ந்து, முன்னிலும் சிறப்பாய்த் தேறினார். 1911இலே கல்கத்தா மாநிலக் கல்லூரியிலே சேர்ந்தார். விடுதியிலே, இவரோடு ஒரே கூடத்திலே அமர்ந்துண்ண மாட்டோம் என்றனர் மேற்சாதி மாணவர் சிலர். கலைமகள் பூசையிலே மேடையேற விடாமல் தடுத்தனர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வகுப்பிலே முன்னிற்கும் மாணவன், கல்விக்கென்று இவர்களே வைத்த தெய்வத்தின் முன்னே பின்தள்ளப்படுகிறான்!

அந்த மாணவர்தான் ஒளியின் தள்ளுதலை ஆராயப் புகுந்தார். 1916இலே கல்கத்தாவிலே அறிவியல் கல்லூரி தொடங்கியது; அசுதோஷ் முகர்ஜி இளைஞர் சாகாவை ஆசிரியராக அமர்த்தினார். நல்ல கருவிகள் இல்லாத கூடம் அது. ஆயினும் 1918இலே, சக்கரவர்த்தி என்ற உடனாய்வாளரோடு சேர்ந்து, ஒளியின் அழுத்தத்தை ஆய்வுக்கூடத்திலே அளந்து, ஆசியக் கழகத்தின் வங்காள ஏட்டிலே வெளியிட்டார்.

அளந்ததோடு அவர் நிற்கவில்லை. அவர் உள்ளத்திலே ஒரு கேள்வி குடைந்தது. கதிரவனின் ஈர்ப்பு வலிமை மிக்கது. எனினும், அதன் மேற்பரப்புக்கு மேலே வெகு உயரத்திலே சில தனிமங்களின் அணுக்கள் மிதக்கின்றன. எடை குறைந்தவை மேலே, எடை மிகுந்தவை கீழே என்ற ஒழுங்கும் அங்கே இல்லை. அவற்றைத் தாங்குவது எது? ஒளி என்றால், பழைய கணக்கு ஒப்பவில்லை. ஒளியலையின் முன்னே அணு மிகமிகச் சிறியது, தள்ளுதல் அதன்மேல் படவே படாது என்றது பழைய கணக்கு. சாகா புதிய கருத்தைப் பற்றினார். ஒளி பொட்டலம் பொட்டலமாய் வருகிறது; அணு தனக்கு ஏற்ற ஒளிப்பொட்டலத்தை மட்டும் முழுமையாய் விழுங்குகிறது; விழுங்கும்போது அந்த உந்தம் முழுவதும் அணுவைச் சேருகிறது! ஐட்ரசன் அணு ஒன்று, தனக்குரிய சிவப்பொளிப் பொட்டலம் ஒன்றை விழுங்கினால், நொடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் விரைவு பெறும். ஒரே உதையிலே! அடுத்தடுத்து உதைகள் விழுந்தால், அணு ஈர்ப்பை எதிர்த்து மேலே நிற்கும். எல்லா அணுக்களையும் ஒன்றுபோல் தள்ளுவதன்று ஒளி. தனக்கு இசைந்த அணுவைத் தேர்ந்தெடுத்துத் தள்ளுகிறது. அணு ஒளியை விழுங்கும்போது உதைபடும் என்ற கருத்தை அதே காலத்தில் ஐன்ஸ்டைனும் எழுதியிருந்தார். அதை விண்மீனுக்குப் பொருத்திப் பார்த்த துணிவு கல்கத்தா இளைஞருடையது.

1917ஆம் ஆண்டின் இறுதியிலே, இக்கருத்தை விரிவாக எழுதி, அமெரிக்க வானியல் ஏடு ஒன்றுக்கு அனுப்பினார். விடை வந்தது. கட்டுரை நீளமானது, அச்சுச் செலவிலே ஒரு பங்கை ஆசிரியர் ஏற்றால் வெளியிடலாம். அந்தப் பங்கோ, நூறு டாலருக்கும் மேலே! சாகாவின் சம்பளம் ஆண்டுக்கு 150 பவுன்; அதிலே பெற்றோரைக் காக்க வேண்டும், தம்பியைப் படிக்க வைக்க வேண்டும். பணம் இல்லை. கட்டுரை வெளிவரவில்லை. 1919இலே சுருக்கக் குறிப்பு மட்டும் அந்த ஏட்டிலே இடம் பெற்றது. முழுக் கட்டுரை பின்னர் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் ஏட்டிலே வந்தது. உலகத்து அறிஞர் கைக்கு எட்டாத ஏடு அது.

சில ஆண்டுகள் சென்றன. இங்கிலாந்து அறிஞர் மில்ன் இதே கருத்தை விரித்து வளர்த்துப் புகழ் பெற்றார். சாகா முதலில் எடுத்துரைத்த கருத்தின் வளர்ச்சி இது என்று அவர் நேர்மையோடு குறிப்பிடவும் செய்தார், அடிக்குறிப்பிலே! பணமில்லாதவன் கண்ட உண்மைக்கு அடிக்குறிப்பே ஆசனமாயிற்று. இச்செய்தியைப் பின்னாளிலே ஓர் அறிஞருக்கு எழுதிய கடிதத்திலே சாகாவே எடுத்துரைத்தார்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920இலே, விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்தே கண்டறிய உதவும் புகழ்மிக்க சமன்பாட்டைத் தந்தார். 1927இலே இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் முன்மொழியப்பட்டது, கிட்டவில்லை. 1952இலே சுயேச்சையாய் நின்று நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 பிப்ரவரி 16இலே டில்லியிலே மறைந்தார்.

அவர் வாழ்விலே நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். டாக்கா வழக்கறிஞர் ஒருவர், இளம் விஞ்ஞானி என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டார். சாகா ஆர்வத்தோடு விளக்கினார். ஒவ்வொரு செய்திக்கும் பெரியவர் சொன்ன விடை ஒன்றே: இதிலே புதியது என்ன, எல்லாம் வேதத்திலே உள்ளது! பொறுத்துப் பார்த்த சாகா பணிவோடு கேட்டார்: அய்யா, வேதத்தின் எந்தப் பகுதியிலே உள்ளது? வழக்கறிஞர் கூசாமல் கூறினார்: நான் வேதத்தைப் படித்ததில்லை, ஆனால் உங்கள் புதிய அறிவியல் கூறுவதெல்லாம் அதிலே இருக்கும் என்பது என் நம்பிக்கை!

சாகா என்ன செய்தார்? ஏசிவிட்டு ஏகினாரா? இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேதங்களையும் உபநிடதங்களையும் புராணங்களையும் சோதிட நூல்களையும் தாமே துருவிப் படித்தார்; இன்றைய அறிவியல் அங்கே எங்கும் இல்லை என்று எழுதினார். படிக்காமல் நம்பியவர் அவர். படித்துவிட்டு மறுத்தவர் இவர். பகுத்தறிவாளன் இன்னான் என்று அறிய இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமா?

துரத்தப்பட்டவர் சான்று தந்தார்

அணுவை ஒளி உதைக்கும் என்பது கருத்து. கண்டு காட்டியவர் ஆட்டோ பிரிஷ். செர்மனியிலே ஹாம்பர்க் நகரிலே, சோடியம் அணுக்கள் நூல்போல் ஓடும் கற்றை ஒன்றின்மீது, பக்கவாட்டிலே சோடியம் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். கற்றை மிகமிகச் சிறிதளவு வளைந்தது. 1933இலே அந்த முடிவு அச்சாயிற்று. அதே 1933இலே இட்லரின் ஆட்சி, யூதர் என்பதற்காக அவருடைய வேலையைப் பறித்தது. அவர் இலண்டன் சென்றார். பிறப்பைக் கேட்டு வாயிற்கதவை அடைக்கும் நோய் கங்கைக் கரைக்கு மட்டும் உரியதன்று. எல்பே ஆற்றங்கரையிலும் இருந்தது. பெயர் வேறு, நோய் ஒன்றே.

தள்ளும் கை, பற்றும் கை ஆயிற்று

1960இலே லேசர் பிறந்தது. விளக்கொளி நாற்புறமும் சிதறும். லேசர் ஒளியோ ஒரே நிறத்தில், ஒரே போக்கில், கலையாத கற்றையாய்ச் செல்லும். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளிலே, எஃகுத் தகட்டை அறுக்கும் லேசர் எந்திரத்தை அறிந்த தொழிலாளத் தோழருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. எஃகை அறுப்பது லேசரின் வெப்பம். அதே லேசரின் மென்மையான தள்ளுதலைப் பயன்படுத்த எண்ணினார், அமெரிக்காவிலே பெல் ஆய்வுக்கூடத்திலே பணியாற்றிய ஆர்தர் ஆஷ்கின். இன்றைய உக்ரைனிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தின் மகன். 1922இலே நியூயார்க் நகரத்துப் புரூக்ளினிலே பிறந்தவர்.

அவருடைய கணக்கு எளியது. ஏக்கர் முழுவதும் பரவினால் 1.4 கிராம், ஆனால் ஒரு வாட் லேசரை முழுவதும் குவித்து, ஒரு மைக்ரான் அளவுள்ள துகளின்மீது விழச் செய்தால்? துகளின் எடை இல்லை என்னுமளவு சிறியது. அதன்மீது விழும் தள்ளுதல், புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ இலட்சம் மடங்கு முடுக்கத்தைத் தந்துவிடும்! சிறியது என்று இகழ்ந்த தள்ளுதல், ஓரிடத்திலே குவிந்ததும் பெரியதாகிவிட்டது.

1970இலே, நீரிலே மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள்மீது பச்சை லேசரைப் பாய்ச்சினார். மணிகள் ஒளி செல்லும் திசையிலே ஓடின, எதிர்பார்த்ததே. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கற்றையின் ஓரத்திலே இருந்த மணிகள் விலகி ஓடவில்லை. கற்றையின் நடுவுக்கு இழுக்கப்பட்டன! ஏன்?

பழவேற்காட்டு ஏரியிலே தோணி தள்ளுவோரைப் பாருங்கள். கழியை ஊன்றிப் பின்னே தள்ளுகின்றனர். தோணி முன்னே செல்கிறது. கண்ணாடிபோன்ற மணிக்குள்ளே புகும் ஒளி வளைந்து வெளியேறுகிறது. மணி ஒளியை ஒருபுறம் திருப்பினால், ஒளி மணியை மறுபுறம் தள்ளுகிறது. கற்றையின் நடுவிலே ஒளி மிகுதி, ஓரத்திலே குறைவு. நடுப்பக்கம் நுழைந்த வலிய ஒளியை மணி ஓரப்பக்கமாய்த் திருப்ப, மணி தானே நடுப்பக்கம் நகர்கிறது. ஒளி எங்கே மிகுதியோ, அங்கே மணி சென்று சேருகிறது.

எதிரெதிரே இரு கற்றைகளைப் பாய்ச்சி, இடையிலே மணியைச் சிறைப்படுத்தினார் ஆஷ்கின். ஆய்வுக்கூடத்திலேயே அந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்தவர்கள், தவறு ஒன்றும் இல்லை, ஆனால் புதிய இயற்பியலும் இல்லை, சிறந்த ஏட்டுக்கு ஏற்றதன்று என்றனர். அவருடைய மேலாளர் கோம்ப்னர் அதைப் பொருட்படுத்தாமல் அனுப்பச் சொன்னார். அனுப்பினார்; அச்சாயிற்று. 1971இலே, கீழிருந்து மேலே பாயும் லேசரின் நுனியிலே, சிறு கண்ணாடி மணியைக் காற்றிலே நிறுத்திக் காட்டினார். மந்திரமில்லை, மாயமில்லை, கணக்குதான் அதைத் தாங்கி நின்றது.

1986இலே ஜிட்சிக், பியோர்க்ஹோம், சூ ஆகியோரோடு சேர்ந்து, ஒரே கற்றையாலேயே பற்றும் வழியைக் கண்டார். நுண்ணோக்கியின் வில்லையாலே லேசரைக் கூர்மையாய்க் குவித்தால், குவியும் புள்ளியே பிடியாகிவிடும். துகள் முன்னே தள்ளப்பட்டாலும் பின்னே இழுக்கப்படும். வில்லையை நகர்த்தினால் துகளும் கூடவே வரும். ஒளிச் சாமணம் பிறந்தது!

மறு ஆண்டு, புகையிலையைத் தாக்கும் வைரஸ் ஒன்றையும் பாக்டீரியாக்களையும் அதனால் பிடித்தார். பச்சை ஒளியின் பிடியிலே பாக்டீரியாக்கள் மடிந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றினார். உயிர்கள் சாகவில்லை, பிடியிலே இருந்தபடியே இனம் பெருக்கின! கொல்லாமல் பற்றும் கை கிடைத்தது மனிதனுக்கு.

அந்தக் கையால் என்ன பயன்? நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சுமை தூக்கும் தொழிலாளர் உண்டு. கைனெசின் என்ற புரதம் அவற்றுள் ஒன்று. மூட்டையைத் தூக்கிக் கொண்டு கயிறு போன்ற பாதையிலே நடக்கும். 1993இலே, மூட்டைக்குப் பதிலாக மணியொன்றை அதனிடம் தந்து, மணியை ஒளிச் சாமணத்தாலே பிடித்துப் பார்த்தனர். அது வழுக்கிச் செல்லவில்லை, அடியெடுத்து வைத்தது. ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதிலே எட்டுக் கூறு! அது இழுக்கும் வலிமை சில பிக்கோநியூட்டன். ஒரு பிக்கோநியூட்டன் என்பது, ஒரு கிராம் எடையை ஆயிரங்கோடிப் பங்கிட்டதிலே ஏறத்தாழ ஒரு பங்கு. உயிர் என்பது ஊதிவிட்ட மூச்சன்று. அளந்து பார்க்கத்தக்க உழைப்பு என்பதை ஒளியின் கை தொட்டுக் காட்டியது.

அணுவைப் பற்றும் வேலையும் உடன் வளர்ந்தது. தனக்கு இசைந்த அணுவை ஒளி தேர்ந்தெடுத்து உதைக்கும் என்று சாகா எழுதினார் அல்லவா? அந்த உதையையே நாற்புறமும் நின்று கொடுத்து, ஓடும் அணுவைத் தளர வைத்துக் குளிர்விக்கும் வித்தையை 1985இலே சூ செய்து காட்டினார். அவருக்கும் கோஹன்-தனூஜிக்கும் பிலிப்சுக்கும் 1997இலே நோபல் பரிசு கிடைத்தது. ஆஷ்கின் காத்திருந்தார். 2018இலே, 96ஆம் வயதிலே, அவருக்கும் அந்தப் பரிசு வந்தது. பாதி அவருக்கு, மறுபாதி மூரூவுக்கும் டோனா ஸ்டிரிக்லண்டுக்கும். அன்றைக்கும் அவர் வீட்டின் நிலவறையிலே கதிரவன் ஒளியைக் குவிப்பது பற்றி ஆய்ந்து கொண்டிருந்தார். 2020இலே மறைந்தார்.

நம் வீட்டு வாயிலிலே

இந்தக் கருவி நமக்கு எட்டாத அமெரிக்கக் கருவியன்று. இந்தூரின் ராஜா ராமண்ணா ஆய்வு மையத்திலே ஒளிச் சாமணத்தால் இரத்தச் சிவப்பணுக்களைப் பிடித்து ஆராய்ந்தனர். மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தார், மலேரியா தாக்கிய சிவப்பணுவும் நலமான சிவப்பணுவும் ஒளியின் பிடியிலே சுழலும்போது வேறுபடுவதை 2004இலே வெளியிட்டனர். சென்னை கிண்டியிலே உள்ள ஐ.ஐ.டி.யிலும் ஒளிச் சாமண ஆய்வு நடைபெறுகிறது. ஆரணியிலிருந்து காலையிலே புறப்பட்டால், கண்டுவிட்டு மாலையிலே வீடு திரும்பும் தொலைவு.

தொலைவு சாலையிலே இல்லை, தோழர்களே! சாகாவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையிலே இருந்த தொலைவு எது? கழுவி வைக்க வேண்டிய தட்டு, மறுக்கப்பட்ட பந்தி, கட்ட முடியாத அச்சுக் கூலி. அவர் கடந்தார். கடக்க முடியாமல் கடையிலேயே அமர்ந்துவிட்ட சாகாக்கள் எத்தனை பேர்? மாட்டுத் தொழுவத்தோடு நின்றுவிட்ட லெபெதேவ்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அடிக்குறிப்பும் இல்லை. அந்த இழப்பு அவர்களுடையது மட்டுமன்று. கண்டறியப்படாமலே போன உண்மைகள் அனைத்தும் நம் அனைவருடைய இழப்பு.

ஆதலின், இரண்டு வேலைகள் நம்முன் உள்ளன. நம்மூர்ப் பள்ளியிலே நுண்ணோக்கி உண்டா, அலமாரியிலே தூங்குகிறதா, நெசவாளி மகளும் ஆலைத் தொழிலாளி மகனும் அதிலே கண்வைத்துப் பார்க்கின்றனரா என்று சென்று கேட்பது ஒன்று. இல்லையேல், அதனைப் பெற்றுத் தரும்வரை ஓயாதிருப்பது அதன் தொடர்ச்சி. மற்றொரு வேலை நாவுக்கு உரியது. ஒளிச் சாமணமும் எங்கள் ஏட்டிலே உண்டு, ஒளியணுவும் எங்கள் முன்னோர் கண்டதே என்று எவரேனும் எழுந்தால், கோபம் வேண்டாம், கூச்சல் வேண்டாம். மளிகைக்கடைக்காரர் மகன் கேட்ட அதே கேள்வியை, அதே பணிவோடு கேளுங்கள்: அய்யா, எந்தப் பகுதியிலே உள்ளது? ஏட்டை விரித்துக் காட்டினால் படிப்போம். அளந்து காட்டினால் ஏற்போம்.